டீச்சர் அம்மா ஆகப் போகிறீர்களா?

எதிர் வீட்டு மாமி அன்று காலை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது, முகத்தில் வழக்கமான சிரிப்பைக் காணோம். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏண்டாப்பா, நீ பத்திரிகையிலே எழுதறவன். நாலு இடம் போய்ப் பாக்கறவன். நீயே ஒரு நியாயம் சொல்லு. இவ பி.ஏ. பாஸ் பண்ணியிருக்கா. பாங்க் பரீட்சை எழுதுடீன்னா மாட்டேங்கறா. சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தர டிரெயினிங் போகப் போறாளாம். ஒரு வருஷமாம். பணம் வேறே கட்டணுமாம்! குழந்தையைப் பாத்துக்க ஒரு படிப்பா? நான் மூணு பெத்து வளக்கலையா? எந்தக் காலேஜிலே படிச்சேன்?"

மாமிக்குப் பின்னால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பெண் நின்றிருந்தாள். அழவில்லை, ஆனால் அதற்கு அதிக நேரம் ஆகாது போலிருந்தது.

"அண்ணா, நீங்க ஒரே ஒரு தடவை அந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்துட்டு வாங்கோ. அப்புறம் அம்மா கிட்டே என்ன வேணாலும் சொல்லுங்கோ" என்றாள்.

மாமியின் கேள்வி மாமி ஒருத்தியின் கேள்வி அல்ல. பெண் டாக்டருக்குப் படிக்கிறாள் என்றால் வீட்டில் பாயசம் வைப்போம். கல்லூரியில் லெக்சரர் ஆகிறாள் என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தைகளுக்கு டீச்சர் ஆகிறாள் என்றால் மட்டும், "கல்யாணம் ஆகும் வரை பொழுது போகட்டும்" என்கிறோம். குழந்தை வளர்ப்பது பெண்களுக்குப் பிறவியிலேயே வந்த வித்தை, அதற்குப் பயிற்சி எதற்கு என்பது நம் எண்ணம். அது சரிதானா என்று பார்த்துவிட்டு வரக் கிளம்பினேன்.

சின்ன நாற்காலியில் இரண்டு மணி நேரம்

நகரத்தில் மாண்டிஸோரி முறையில் நடக்கும் ஒரு பாலர் பள்ளி அது. தலைமை ஆசிரியை என்னை அன்புடன் வரவேற்று, ஒரு மூலையில் சின்ன நாற்காலி ஒன்றைக் காட்டினார். நிபந்தனைகள் மூன்று. பேசக் கூடாது. குழந்தைகளைப் பார்த்துச் சிரித்து விளையாட்டுக் காட்டக் கூடாது. உதவி செய்யக் கூடாது. பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு இளம் பெண்களும் என்னைப் போலவே மூலைக்கு ஒருவராக, கையில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு எதிரே ஒரு பையன் பாயை விரித்தான். வயது மூன்றரை இருக்கும். ஒரு மரச் சட்டத்தை எடுத்து வந்து வைத்தான். சட்டத்தில் இரண்டு துணிகள், நடுவே ஐந்து பெரிய பித்தான்கள். அவன் பித்தான் போடக் கற்கிறான். முதல் பித்தான் துளைக்குள் பாதி போயிற்று, வழுக்கி வெளியே வந்தது. மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. என் கை தானாகவே நீண்டது. தலைமை ஆசிரியை தூரத்திலிருந்தே என்னைப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து பித்தான்களையும் போட்டு முடிக்க அவனுக்குப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. 'அப்பாடா!' என்று நான் மூச்சு விட்டேன். அவன் விடவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்!

சற்றுத் தள்ளி ஒரு பெண் குழந்தை சின்னக் கூஜாவிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிந்திற்று. பயிற்சிக்கு வந்த பெண்களில் ஒருத்தி சட்டென்று எழுந்து, துணியை எடுத்துத் துடைத்துவிட்டாள். துடைத்தபிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கே புரிந்தது. அந்தக் குழந்தை ஒரு கணம் அவளைப் பார்த்தாள். கூஜாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பிறகு அதன் பக்கமே வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். உதவிக்கு ஓடும் கையை நிறுத்தக் கற்பதிலேயே பயிற்சிக் காலத்தில் பெரும் பகுதி போய்விடுகிறது என்றார் அவர். குழந்தைகளிடம் பிரியம் உள்ள பெண்களுக்குத்தான் இது அதிகக் கஷ்டமாம். பிரியம் இருக்கிறதே, அது சும்மா இருக்க விடாது!

பூட்ட மறந்த அலமாரி

இந்தப் பாடம் முதன்முதலில் கிடைத்த இடம் இத்தாலி. டாக்டர் மரியா மாண்டிஸோரி அம்மையார் 1907 ஜனவரி 6-ந் தேதி ரோமாபுரியில் ஸான் லொரன்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் பேட்டையில் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத குழந்தைகள் மாடிப்படிகளையும் சுவர்களையும் பாழாக்கிக்கொண்டு திரிந்தன. அவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. டீச்சராக அம்மையார் அமர்த்திக்கொண்டது, ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாத ஒரு சாதாரண உழைப்பாளிப் பெண்ணை.

அந்தப் பெண் விளையாட்டுச் சாமான்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, தானே எடுத்துக் கொடுத்து, தானே வாங்கி வைப்பாள். ஒரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டாள். மறு நாள் சற்றுத் தாமதமாக வந்து பார்த்தால், குழந்தைகள் அலமாரியைத் திறந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'திருட்டுப் புத்தி! இவர்களுக்கு நீதி போதனை செய்ய வேண்டும்' என்று அவள் நினைத்தாள். அம்மையாருக்கு வேறொன்று தோன்றிற்று: 'இவர்களுக்கு என்ன வேண்டும் என்று இவர்களுக்கே தெரிந்திருக்கிறது!' அன்றிலிருந்து பூட்டு போயிற்று. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகள் வந்தன.

இன்னொரு நாள் அம்மையார் ஒரு விசித்திரமான பாடம் நடத்தினார். மூக்குச் சிந்துவது எப்படி என்பதுதான் பாடம்! கைக்குட்டையை எடுத்து, மெதுவாக, சத்தமில்லாமல், பிறர் கண்ணில் படாதபடி துடைத்துக் காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை. இமை கொட்டாமல் பார்த்தார்கள். முடிந்ததும் படபடவென்று கை தட்டினார்கள். ஏன் அவ்வளவு சந்தோஷம்? மூக்கு ஒழுகுகிறதென்று அவர்களைத் திட்டியவர்கள் உண்டு. எப்படித் துடைப்பது என்று மரியாதையுடன் காட்டிக் கொடுத்தவர் அதுவரை ஒருவரும் இல்லை.

திட்டுவதற்கும் துடைத்து விடுவதற்கும் பயிற்சி வேண்டியதில்லை. காட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அடையாற்றில் நடந்த முதல் வகுப்பு

ரோமாபுரிக் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த அம்மையாரே நம் சென்னைக்கு வந்து பாடம் சொல்லியிருக்கிறார்.

1939 நவம்பரில், தம் 69-வது வயதில், அவர் அடையாறு பிரும்ம ஞான சபைக்கு விருந்தாளியாக வந்தார். அழைத்தவர்கள் அப்போது சபைத் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் சுமார் 300 பேர் அடையாற்றில் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேச, மகன் மேரியோ அதை இங்கிலீஷில் சொல்வார்.

சில மாதங்களில் திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. தாயும் மகனும் ஒரே நாளில் எதிரி நாட்டுப் பிரஜைகளாகிவிட்டார்கள். மேரியோவை அகமத் நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரின் 70-வது பிறந்த நாளான ஆகஸ்ட் 31-ந் தேதிக்குப் பரிசாக அவரை விடுதலை செய்தார்கள். பிறகு தாயும் மகனும் சென்னையிலும் கோடைக்கானலிலும் இருந்துகொண்டு, ஊர் ஊராகப் பயிற்சி வகுப்புகள் நடத்தி, 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார்கள். 1947-ல் மறுபடியும் வந்தார்கள். கைக்குழந்தை தன்னைச் சுற்றியுள்ளதையெல்லாம் எப்படி மனத்தில் ஈர்த்துக்கொள்கிறது என்பதைப் பற்றிய அம்மையாரின் புகழ்பெற்ற நூலான 'தி அப்ஸார்பெண்ட் மைண்ட்' 1949-ல் அடையாற்றில்தான் அச்சாயிற்று.

ஆகவே, குழந்தை டீச்சர் பயிற்சி நமக்குப் புதிதாக இறக்குமதியான நாகரிகம் அல்ல. பாட்டிமார் காலத்திலேயே அடையாற்றங்கரையில் நடந்த சங்கதிதான்.

பயிற்சியில் என்ன நடக்கிறது?

பயிற்சிக்குச் சேருகிறவள் முதலில் குழந்தையாக வேண்டும். ரோஜா நிறக் கோபுரம் என்று ஒன்று உண்டு. பத்து மரக் கட்டைகள். சிறியது எல்லாப் பக்கமும் 1 சென்டிமீட்டர். பெரியது 10 சென்டிமீட்டர். ஒரு தடவைக்கு ஒரு கட்டையாகப் பத்துத் தடவை நடந்து எடுத்து வந்து, பெரிதின் மேல் சிறிதாக அடுக்க வேண்டும். பி.ஏ. படித்தவளும் எம்.ஏ. படித்தவளும் தரையில் உட்கார்ந்து இதை அடுக்குகிறார்கள். 'இதில் என்ன பிரமாதம்?' என்று தோன்றும். அடுக்கிப் பார்க்கும்போதுதான், ஒரு கட்டையைத் தூக்கும்போது கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது, எந்த இடத்தில் குழந்தைக்குச் சந்தேகம் வரும் என்பதெல்லாம் தெரிகிறது.

அடுத்தது பேச்சு. சொரசொரப்பும் வழவழப்பும் கற்பிக்க வேண்டுமானால், மூன்றே படிகள். முதலில் தொட்டுக் காட்டி, "இது சொரசொரப்பு, இது வழவழப்பு." பிறகு, "சொரசொரப்பைக் காட்டு." கடைசியில், "இது என்ன?" அவ்வளவுதான். நடுவில் கதை கிடையாது, கேள்விமேல் கேள்வி கிடையாது. குழந்தை தவறாகக் காட்டினால், "தப்பு, தப்பு" என்று சொல்லக் கூடாது. சிரித்த முகத்துடன் எடுத்து வைத்துவிட்டு இன்னொரு நாள் வர வேண்டும். பத்து வார்த்தையில் பாடத்தை முடிக்க எத்தனை நாள் பழக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? வாயாடிகளுக்கு ஒரு மாதம் போதாது!

எழுத்துக் கற்பிப்பதும் இப்படித்தான். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தை இரண்டு விரலால் தடவிப் பார்க்கும். பென்சில் பிறகுதான். இதைக் கேட்டதும் எனக்கு விஜயதசமி நினைவு வந்தது. தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே! பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால்தானே எழுதினார்கள்? நாம் விட்டுவிட்டதைத்தான் பயிற்சியில் திரும்பக் கற்கிறார்கள்.

ஆனால் தமிழ் டீச்சருக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துக்கள். 'கா' என்றால் கால் பின்னால் வருகிறது. 'கெ' என்றால் கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் காவல்! ஒலி ஒரு வரிசையிலும் எழுத்து ஒரு வரிசையிலும் போகிறது. இதைக் குழந்தை குழம்பாமல் படிப்படியாக எப்படித் தருவது என்று டீச்சர்தான் யோசித்து வைத்திருக்க வேண்டும். இங்கிலீஷ் புத்தகத்தில் அதற்கு விடை இராது.

இத்தனையையும் படம் வரைந்து, முறையை விவரித்து, தன் கையாலேயே எழுதித் தொகுக்க வேண்டும். அதற்கு 'ஆல்பம்' என்று பெயர். பயிற்சி முடியும்போது ஒவ்வொருத்தியிடமும் சமையல் குறிப்பு மாதிரி தடித்தடியாகச் சில ஆல்பங்கள் சேர்ந்துவிடுகின்றன.

சேருவதற்கு முன்னால் வீட்டிலேயே

சேரும் எண்ணமுள்ள சகோதரிகள், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தயாராகலாம். காசு செலவு இல்லை.

முதலாவது, பார்க்கப் பழகுங்கள். அண்ணன் குழந்தையோ அடுத்த வீட்டுக் குழந்தையோ, ஒரு குழந்தையை அரை மணி நேரம் பேசாமல் கவனியுங்கள். கண்டதை எழுதுங்கள். 'விஷமம் செய்தான்' என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். 'சம்புடத்தின் மூடியை ஏழு தடவை திறந்து மூடினான். எட்டாவது தடவை சரியாக மூடிக்கொண்டதும் எழுந்து போனான்' என்று எழுதினால் அது குழந்தை. அம்மையாரின் பள்ளியில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக் குமிழ்களைக் குழிகளில் பொருத்தி எடுப்பதை 40 தடவைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் மற்றவர்கள் பாடியும் அவள் தலை நிமிரவில்லை. அதைத் தடுக்காமல் எண்ணிக்கொண்டு நின்றதால்தான் ஒரு பெரிய உண்மை உலகத்துக்குக் கிடைத்தது.

இரண்டாவது, கையை மெதுவாக்குங்கள். துணி மடிப்பதை, தண்ணீர் ஊற்றுவதை, வாழைப்பழம் உரிப்பதை ஒரு குழந்தைக்குக் காட்டுவது போல ஒவ்வோர் அசைவாகச் செய்து பாருங்கள். பேசிக்கொண்டே செய்யாதீர்கள். குழந்தை உங்கள் வாயைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா?

மூன்றாவது, உங்கள் சொந்தச் சொத்தைத் தூசி தட்டுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டு ஊர விடும் விளையாட்டு, பல்லாங்குழி, பாண்டி, புளியங்கொட்டையில் ஒற்றையா இரட்டையா எல்லாம் எண்ணும் மொழியும் கற்பிக்கும் பாடங்களே. பாட்டியிடம் பத்துக் கதைகளும் பத்துப் பாட்டுக்களும் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டிக்கும் சந்தோஷம்.

நான்காவது, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கப் பழகுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். முதல் வாரத்து முதுகுவலிக்குப் பிறகு சிரிக்க மாட்டார்கள்.

விலை உயர்ந்த மரச் சாமான்கள் இருந்தால்தான் முடியும் என்று எண்ண வேண்டாம். பவநகரில் கிஜுபாய் பதேகாவிடம் பணி பழகிய தாராபாய் மோடக் அம்மாள், தம் துணைவி அனுதாய் வாக்குடன் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டி கிராமத்தில் ஏழைக் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். சுற்றுப்புறத்தில் கிடைத்தவற்றைக் கொண்டே கற்பித்தார். முற்றத்துப் பள்ளிதான் 'அங்கன்வாடி'. இன்று நாடு முழுவதும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன.

பணமும் பட்டமும்

இனி, அப்பாமார் கேட்கும் கேள்வி. பயிற்சிகள் பலவகை. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-ல் வகுத்த விதிகளின்படி, பிளஸ் டூ முடித்தவர்களுக்கான பாலர் கல்வி டிப்ளமா இரண்டு ஆண்டுப் படிப்பு. மாண்டிஸோரி பயிற்சி வேறு. அம்மையாரே 1929-ல் நிறுவிய சர்வதேச சங்கத்தின் டிப்ளமாவும் உண்டு, மற்ற ஸ்தாபனங்களின் சான்றிதழ்களும் உண்டு. சில வாரங்களில் டீச்சர் ஆக்கிவிடுகிறோம் என்னும் விளம்பரங்களும் உண்டு.

பணம் கட்டுமுன் நேரில் போய் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இந்தச் சான்றிதழை அங்கீகரிப்பவர் யார்? குழந்தைகளைக் கவனிக்க எத்தனை மணி நேரம்? குழந்தைகளுடன் பழக எத்தனை வாரம்? சாமான்களை நாங்களே கையாளலாமா, தூர நின்று பார்ப்பதுதானா? தமிழில் கற்பிக்கச் சொல்லித் தருகிறீர்களா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் ரசீது வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல நர்ஸரிகளில் அது குறைவுதான். அங்கன்வாடிப் பணியாளர்கள் 'கௌரவ ஊழியர்' என்ற பெயரில் மதிப்பூதியமே பெற்று வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கிராஜுவிட்டி உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று எழுதுகிறது. அந்த ஆறு வயதை ஒப்படைக்கும் கைக்கு நாம் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் குறைந்த கூலி! 'இதற்கு ஒரு படிப்பா?' என்று வீட்டில் கேட்கும் வரை, வெளியில் இந்தக் கூலி உயரப் போவதில்லை.

இவ்வளவையும் மாமியிடம் சொல்லத் தயார் செய்துகொண்டு போனேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூடத்தில் மாமியின் பேரன் உட்கார்ந்து சட்டைப் பித்தானுடன் மல்லாடிக்கொண்டிருந்தான். மூலையில் அவனுடைய சித்தி நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மாமி ஊஞ்சலில், இரண்டு கைகளையும் புடைவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவ சொன்னாளேன்னு காலம்பரயிலேருந்து பேசாம பாத்துண்டிருக்கேண்டாப்பா" என்றாள் மெல்லிய குரலில். "கை பரபரங்கறது. மூணு பெத்தேன், ஒரு தடவை கூட இப்படிப் பொறுமையா உக்காந்ததில்லே."

பையன் கடைசிப் பித்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். ஒரு பித்தான் துளை மாறியிருந்தது. அவன் முகத்திலோ திருப்பதி லட்டுக் கிடைத்த சந்தோஷம். மாமியின் கை தலைப்பிலிருந்து வெளியே வந்தது. பேரன் முகத்தைப் பார்த்தாள். கை மறுபடியும் தலைப்புக்குள் போய்விட்டது.

"அந்தப் பணத்தை எப்போ கட்டணுமாம்?" என்று பெண்ணைக் கேட்டாள்.